ஒரு வாரப் பனிக்கு உடை: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, உறவில் கேட்பதா?

மார்கழி பிறந்தால் கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குரங்குக் குல்லாவோடுதான் வருவார்கள். 21 டிகிரி நமக்குக் குளிர். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகும் குடும்பங்களும் புதுச்சேரியில் உண்டு. உறவில் பாதி பிரான்சில்தானே இருக்கிறது. விசாவும் டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகுதான் உடையின் நினைவு வரும். நான்கு பேருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை புதிதாக வாங்கக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். அத்தனையும் ஒரு வாரம் உடுத்துவதற்கு.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலாக் குழுவோடு சுவிட்சர்லாந்து போய், யுங்ஃபிராவ்யோக் ரயிலில் 3,454 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்தபடியே ஏறி, பனியை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்குப் பனிச்சறுக்கு உடை தேவையே இல்லை. காற்று புகாத கோட்டு, ஸ்வெட்டர், கையுறை, வழுக்காத காலணி போதும். காலை முதல் மாலை வரை பனியில் விழுந்து எழுந்து கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்குத்தான் இந்த அலசல்.

அவர்களுக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. சறுக்கும்போது வியர்க்கும். அடுத்த நிமிடமே திறந்த நாற்காலி லிஃப்டில் காற்றில் தொங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். உள்ளே வியர்வை, வெளியே உருகும் பனி. இரண்டில் எது தங்கினாலும் உடம்பு நடுங்கிவிடும். அதனால்தான் மூன்று அடுக்கு: வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் தெர்மல் உள்ளுடை, சூட்டைப் பிடித்து வைக்கும் மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, தண்ணீரையும் காற்றையும் தடுக்கும் மேலுடை. என் கட்சி இதுதான்: உடம்பை ஒட்டும் அடுக்கைச் சொந்தமாக வாங்குங்கள், பனியைத் தொடும் அடுக்கை முடிந்தவரை வாங்காதீர்கள்.

ஞாயிறு சந்தையா, டெகாத்லானா?

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஜாக்கெட் கிடைக்காமல் போகாது. ஏற்றுமதியில் கழித்தவை, யாரோ போட்டுக் கழற்றியவை என்று குவியலாகக் கிடக்கும். கடைக்காரர் ஒன்றை உதறிக் காட்டி, "இது காஷ்மீர்க் குளிரையே தாங்கும் அக்கா" என்பார். தாங்கலாம். ஆனால் நமக்கு வேண்டிய பதிலை அவர் சொல்ல மாட்டார், ஜாக்கெட்தான் சொல்லும். அதை உள்பக்கம் புரட்டுங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் விரல் அகலத்துக்கு ஒரு நாடா ஒட்டியிருந்தால் அது தண்ணீர் தடுக்கத் தைத்தது. நாடாவே இல்லையென்றாலோ, இருந்தும் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தாலோ, ஊசித் துளை ஒவ்வொன்றும் தண்ணீர் போகும் வழி. இடுப்புக்குள் பொத்தான் வைத்த ஒரு எலாஸ்டிக் பாவாடை இருக்கிறதா பாருங்கள். விழும்போது முதுகுப் பக்கம் பனி ஏறாமல் தடுப்பது அதுதான். பிறகு குடிநீர்ப் பாட்டிலைத் திறந்து தோள்பட்டையில் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் நல்லது. துணி கறுத்து உறிஞ்சினால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. பூச்சைப் புதுப்பிக்க மருந்து உண்டு, ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இத்தனையிலும் தேறும் ஜாக்கெட் சந்தையில் எப்போதாவது கண்ணில் படும். பேண்ட் கண்ணில் படவே படாது. முதல்முறை போகிறவருக்கோ ஜாக்கெட்டைவிடப் பேண்ட்தான் முக்கியம், ஏனென்றால் கற்றுக்கொள்கிறவர் நாளின் பெரும்பகுதியைப் பனியில் உட்கார்ந்தபடியே கழிப்பார். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்: நனைந்த ஜீன்ஸ் அன்றைக்குக் காயாது.

டெகாத்லானில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். 1976-ல் பிரான்சின் லில் நகரம் பக்கத்தில் தொடங்கிய விளையாட்டுப் பொருள் நிறுவனம் அது; பனிச்சறுக்குக்கு வெட்ஸே, மலையேற்றத்துக்குக் கெச்சுவா என்று தனித்தனிப் பெயர்கள் வைத்திருக்கிறது. சென்னைக் கடைக்குப் போகலாம், இணையத்திலும் வரவழைக்கலாம். உடையில் தொங்கும் சீட்டைப் படித்தால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருக்கும். துணியின் மேல் நிற்கும் தண்ணீர்த் தூணின் உயரம் அந்த எண். 10,000 இருந்தால் நாள் முழுக்கப் பனி கொட்டினாலும் கவலையில்லை. 5,000 வெயில் அடிக்கும் நாளுக்குச் சரி. ஈரப் பனியில் உட்கார்ந்தால் மெல்லக் கசியும். சந்தைக்கும் இதற்கும் விலை வித்தியாசம் கணிசம்தான். ஆனால் சந்தையில் தேடித் திரியும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் ஒரு விலை உண்டு.

எதை வாங்கினாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது, அதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. மலிவு ஜாக்கெட்டுகளில் தண்ணீரைத் தடுப்பது பெரும்பாலும் துணியின் உட்புறம் பூசிய பாலியூரித்தேன். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகவே சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். உப்புக்காற்று அடிக்கும் புதுச்சேரி வீட்டுப் பீரோவைவிட அதற்கு மோசமான இடம் கிடையாது. அடுத்த முறை பயன்படும் என்று மடித்து வைக்கும் ஜாக்கெட், அந்த அடுத்த முறை வருவதற்குள் பூசணம் பூத்திருக்கும், அல்லது தோல் உரிந்திருக்கும். விலை கூடியதை வாங்கினால் பல வருடம் வரும் என்ற கணக்கு ஐரோப்பாவில் சரி. நம் ஊரில் அதே நம்பிக்கையில் பணம் போட வேண்டாம்.

இருசக்கர வண்டிக்கு வாங்கிய மழைக்கோட்டை மேலே போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். பிளாஸ்டிக் துணி தண்ணீரைத் தடுக்கும், வியர்வையையும் வெளியே விடாது. கடுங்குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும். மழமழப்பான அதைப் போட்டுக்கொண்டு சரிவில் விழுந்தால் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போவீர்கள். வேண்டாம்.

திருப்பூர் தெர்மலா, விளையாட்டுத் தெர்மலா?

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஜவுளிக்கடைகளில் கிடைக்கும் திருப்பூர் தெர்மல்களில் பல பருத்தி, அல்லது பருத்தி கலந்தவை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அருமையாக இருக்கும். பனிச்சறுக்குக்கு ஆகாது: பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு விடாது. முழுப் பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோதான் வேண்டும். மெரினோ நாற்றம் பிடிக்காது, ஆனால் விலை எட்டாது. பாலியஸ்டரில் ஆளுக்கு இரண்டு செட் போதும். இரவில் அலசி ஹீட்டர் பக்கத்தில் போட்டால் காலையில் உலர்ந்திருக்கும். ஃப்ளீஸுக்கு மட்டும் சந்தையையே நம்பலாம். அங்கே மலிவாகக் கிடைக்கும் ஃப்ளீஸும் கடை ஃப்ளீஸும் செய்யும் வேலை ஒன்றுதான்.

இங்கே வாடகையா, அங்கே வாடகையா?

சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் குளிர்கால உடைகளை வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் அதிகம் இருப்பது ஊர் சுற்றும் நீளக் கோட்டுகள்; அவற்றைப் போட்டுக்கொண்டு குனிந்து சறுக்க முடியாது. உடை கையை விட்டுப் போகும் நாள் முதல் திரும்பி வரும் நாள் வரை வாடகை ஓடும், அதாவது பயண நாட்களும் கணக்கில் சேரும். முன்பணத்தையும் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, வரும்போதே சிக்கிக்கொண்டிருந்த ஜிப்புக்காக முன்பணத்தில் ஒரு பகுதியை இழந்தது. பெட்டியைப் பிரித்த உடனே படம் எடுத்து அனுப்பிவிட்டால் அந்த வழக்கு எழாது.

சறுக்கு ஊரிலேயே வாடகைக்கு எடுப்பது வேறு கதை. சறுக்குப் பலகை, பூட்ஸ், ஹெல்மெட் மூன்றையும் எல்லாரும் அங்கேதான் எடுக்கிறார்கள். அதில் விவாதமே இல்லை. உடையைச் சில கடைகள் மட்டுமே தருகின்றன. போகும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அளவு சரியில்லை என்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம், விமானத்தில் 23 கிலோ பெட்டியை ஜாக்கெட்டால் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு வார வாடகை, புதிதாக ஒரு மலிவு ஜாக்கெட் வாங்கும் விலையை நெருங்கிவிடும். பிரெஞ்சுப் பள்ளிகளின் பிப்ரவரி விடுமுறையில் போனால் கூட்டமும் கூடுதல்.

அங்கே கடையா, அண்ணி வீட்டு அலமாரியா?

பிரான்சில் உறவு இருக்கும் புதுச்சேரிக் குடும்பத்துக்கு இந்தப் போட்டியில் பாதி வெற்றி முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே பள்ளிகள் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போய் ஒரு வாரம் பனி வகுப்பு நடத்துவது உண்டு. கொண்டுவர வேண்டிய உடைப் பட்டியல் பெற்றோர் கைக்கு வரும், வாங்கித்தான் ஆக வேண்டும். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்துவிடும், உடை அலமாரியில் தங்கிவிடும். கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது. நமக்குத்தான் கேட்க வாய் வருவதில்லை.

பாரிஸ் புறநகரில் இருக்கும் என் அண்ணியிடம் கேட்டபோது, அவர் வாட்ஸ்அப்பில் நான்கு ஜாக்கெட் படம் அனுப்பிவிட்டு அழைத்தார். "சின்னவனுக்கு எட்டு வயது அண்ணி" என்றேன். "வயதைச் சொல்லாதே, சுவரில் நிற்கவைத்து உயரத்தை அளந்து சொல். இங்கே எட்டு வயது என்றால் 128 சென்டிமீட்டர்" என்றார். மிகச் சரி. பேண்டுக்கு இடுப்பளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீளம் கூடுதலாக இருந்தால் கவலை வேண்டாம். தையல்காரரிடம் கொடுத்து வெட்டினால்தான் கவலை, அவர் ஊசி போகும் இடமெல்லாம் தண்ணீரும் போகும்.

உறவில் கிடைக்காததை அங்கே பழைய உடைச் சந்தையில் தேடலாம். விண்டட் செயலியிலும் லெபோன்குவான் தளத்திலும் ஒரே பருவம் போட்ட பிள்ளைகள் உடை ஏராளம். விற்பவர் அங்குள்ள முகவரிக்கே அனுப்புவார் என்பதால் உறவினர் பெயரில் வாங்கி வைக்கச் சொல்வதே எளிது. எம்மாயுஸ் என்ற தொண்டு அமைப்பின் பழம்பொருள் கடைகளில் இன்னும் மலிவு. ஆனால் என்ன கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

புதியதே வேண்டும் என்கிறவர்கள் தேதியைப் பாருங்கள். பிரான்சில் குளிர்காலத் தள்ளுபடிக்கு அரசே நாள் குறிக்கிறது: ஜனவரி இரண்டாம் புதன்கிழமை வாக்கில் தொடங்கி நான்கு வாரம். பிப்ரவரியில் போகிறவர்களுக்காக உறவினர் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். கிறிஸ்துமஸுக்குப் போகிறவர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்கு வேறொரு வழி உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், விமான நிலையத்தில் முத்திரையிட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குடியிருப்பு எங்கே என்பதுதான் கணக்கு. கடைக்காரரிடம் பணம் கட்டும்போதே படிவம் கேட்க வேண்டும். உடையையும் நாட்டை விட்டு எடுத்துவர வேண்டும். எடுத்துவந்தால் அந்தப் பாலியூரித்தேன் கதை மறுபடி தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே என் வரிசையில் அண்ணி வீட்டு அலமாரிக்கே முதலிடம். உறவு இல்லாதவர்களுக்குச் சறுக்கு ஊர் வாடகை. அதுவும் கிடைக்காவிட்டால் டெகாத்லானின் மலிவு வகை. ஊர் திரும்பியதும் பூச்சு கெடுவதற்குள் அடுத்துப் போகிறவருக்கு விற்றுவிடுங்கள். கடன் வாங்கியதைத் திருப்பும்போது திரவ சோப்பில் அலசிக் கொடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் தண்ணீர் தடுக்கும் திறன் போய்விடும். ஜாக்கெட் இல்லாமல் லேசான பெட்டியில் கறிவடகத்துக்கு இடம் இருக்கும், அண்ணிகளுக்கு அதற்கு மேல் வாடகை தேவைப்படாது.

சின்னப் பொருட்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பளிக் கையுறை முதல் விழுகையிலேயே நனைந்துவிடும், தண்ணீர் புகாத கையுறையே வேண்டும். பிள்ளைகளுக்கு விரல் பிரியாத வகை இன்னும் சூடு. காலுறை முழங்கால் வரை, மெல்லியதாக, ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் குறைந்து கால் அதிகம் குளிரும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை முகத்தில் திருப்பி அடிக்கும். சாலையோரக் கறுப்புக் கண்ணாடி கண்ணைக் காக்காது.

இங்கே வாங்கியவை எல்லாம் வந்து சேர்ந்ததும், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாக, ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு எல்லாரும் எல்லா அடுக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். முதுகு வெளியே தெரிந்தாலோ முழங்கால் பிடித்தாலோ, மாற்றவும் அண்ணிக்குச் சொல்லவும் அப்போது நேரம் இருக்கும்.