நெட்புக்கில் லினக்ஸ் போடக் கடையில் கொடுக்கிறீர்களா? என் அத்தைக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

திண்டுக்கல்லில் என் அத்தை வீட்டோடு சேர்த்துத் தையற்கடை வைத்திருக்கிறார். போன தை மாதம் தன்னுடைய பழைய நெட்புக்கை, அதாவது சின்ன மடிக்கணினியை, ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்தார். அதிலிருந்த லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) பழசாகிவிட்டது, புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஐந்து நாள் கழித்து 4,300 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். கூடு அத்தையுடையதுதான். உள்ளே இருந்த, கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்கும், வேலை செய்யும்போது பயன்படும் நினைவகமான ரேமும் அத்தையுடையவை இல்லை.

கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏசர் ஆஸ்பயர் ஒன் டி250. பத்து அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர். 2020இல் பொது முடக்கத்தின்போது நான்தான் அதைக் கழற்றி, 1 ஜிபி ரேமை எடுத்துவிட்டு 2 ஜிபி போட்டேன். அந்த நெட்புக் தாங்கும் அதிகபட்சமே அவ்வளவுதான். 160 ஜிபி ஹார்ட்டிஸ்குக்குப் பதிலாக சுழலும் பாகம் இல்லாத, வேகமான 240 ஜிபி எஸ்.எஸ்.டி டிஸ்க் வைத்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 10 போட்டுக் கொடுத்தேன். அத்தைக்கு வேண்டியது லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஒரே ஒரு கோப்பு. முந்நூறு பேருக்கு மேல் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், ரவிக்கை அளவு, சுடிதார் அளவு, பாக்கித் தொகை எல்லாம் அதில் இருக்கும். அந்த வேலைக்கு இந்தச் சின்னக் கருவி தாராளமாகப் போதும். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துவிடலாம்.

டெபியன் 10க்கான நீட்டிப்பு ஆதரவும் (பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது) 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. பிரவுசர் பழசானதால் வங்கியின் இணையதளம் திறக்க மறுத்தது. பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன், என்னால் போக முடியவில்லை. அத்தை காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கடைக்கு எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் கடையிலிருந்து போன். "அக்கா, மதர்போர்டு போயிடுச்சு. லினக்ஸ் ஏறவே மாட்டேங்குது. போர்டு சர்வீஸ் பண்ணினாத்தான் ஆகும்." சான்றுக்குத் திரையைப் படம் பிடித்து வாட்ஸாப்பிலும் அனுப்பியிருக்கிறார்கள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் ஆங்கிலம். அத்தை பயந்துபோய்ச் சரி என்று சொல்லிவிட்டார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: போர்டு சர்வீஸ் 2,500, லினக்ஸ் லைசென்ஸ் 1,200, டிரைவர் 600.

அந்தப் படத்தை அத்தை எனக்கு அனுப்பியது பணம் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான். பார்த்ததும் வயிறு எரிந்தது. மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. என்270 ஒரு 32 பிட் பிராசசர், 64 பிட்டுக்கான மென்பொருள் அதில் ஓடாது. அதில் 64 பிட் லினக்ஸை ஏற்றப் பார்த்தால், இந்தக் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) 64 பிட் பிராசசர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686 (32 பிட் வகை) என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அதைத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். கோளாறு என்ன என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அதை அவர்கள் படிக்கவில்லையா, படித்தும் மறைத்தார்களா, எனக்குத் தெரியாது. பிறகு 32 பிட் லினக்ஸ் உள்ள சரியான பென் டிரைவைச் செருகியதற்குப் பெயர் 2,500 ரூபாய் போர்டு சர்வீஸ்.

லைசென்ஸ் விஷயமும் அப்படியே. அவர்கள் போட்டிருந்தது லூபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை. அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், எத்தனை கருவியில் வேண்டுமானாலும் போடலாம். போட்டுக் கொடுத்த வேலைக்குக் கூலி வாங்கட்டும், அது நியாயம். நானும் கொடுப்பேன். லைசென்ஸ் என்று 1,200 ரூபாய் வாங்கினால் அது பொய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் போனேன். நெட்புக்கைத் திறந்ததுமே மெதுவாக இருப்பது தெரிந்தது. டெர்மினலில் 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுத்தேன். மொத்த நினைவகம் ஒரு ஜிபிக்கும் சற்றுக் குறைவாகக் காட்டியது. டிஸ்க் அளவைக் காட்டும் 'எல்எஸ்பிஎல்கே' கொடுத்தேன். 240 ஜிபி இருந்த இடத்தில் 149 என்று வந்தது. 160 ஜிபி ஹார்ட்டிஸ்கை லினக்ஸ் அப்படித்தான் காட்டும். காதை வைத்துக் கேட்டால் டிஸ்க் சுற்றும் சத்தம். எஸ்.எஸ்.டியில் சத்தம் ஏது? 'ஸ்மார்ட்சிடிஎல்' நிறுவி டிஸ்கின் சரித்திரத்தைப் பார்த்தேன். 31,000 மணி நேரத்துக்கு மேல் ஓடிய டிஸ்க். இடைவிடாமல் ஓடியதாக வைத்துக்கொண்டால் மூன்றரை வருடம். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் வேறு.

போட்டிருந்த லூபுண்டு 16.04. அதற்கு 2019லேயே ஆதரவு முடிந்துவிட்டது. டெபியன் 10 பழசு என்று கொண்டுபோனவருக்கு அதைவிடப் பழசைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் 1234.

அத்தையின் அளவுக் கோப்பு இல்லை. "ஃபார்மட் அடிச்சாத்தான் ஏறும்னாங்க தம்பி. அதுல என் கணக்கெல்லாம் இருக்கேன்னு கேட்டேன், எடுத்து வெச்சுருவோம்னாங்க" என்றார். எடுத்து வைக்கவில்லை. சாதாரண ஹார்ட்டிஸ்கை அவசரமாக ஃபார்மட் செய்திருந்தால், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகளை வைத்து ஓரளவாவது தோண்டி எடுக்கலாம். எஸ்.எஸ்.டியில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இங்கே அந்த டிஸ்கே கையில் இல்லாதபோது எதைத் தோண்டுவது?

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை இதுதான். முந்நூறு பெண்களின் பெயரும் போன் நம்பரும் உடல் அளவும் இருந்த டிஸ்க் இப்போது யாரிடம் இருக்கிறது? அத்தையை நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை.

அன்றைக்கே கடைக்குப் போனேன். சத்தம் போடவில்லை.

"அண்ணே, இதுல 240 ஜிபி எஸ்.எஸ்.டி இருந்துச்சு, 2 ஜிபி ரேம் இருந்துச்சு. ரெண்டும் மாறியிருக்கு."

"கொண்டு வரும்போது உள்ள இருந்தது அதுதான் தம்பி. நாங்க கழட்டவே இல்லை."

"கழட்டாம போர்டு சர்வீஸ் எப்படிண்ணே பண்ணுனீங்க?"

பதில் இல்லை. முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார். 2020இல் டிஸ்க் போட்டபோது அதன் சீரியல் நம்பரோடு ஒரு அறிக்கையை எனக்கே மின்னஞ்சலாக அனுப்பி வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். "இதைத்தான் எங்ககிட்ட குடுத்தீங்கன்னு எதுல இருக்கு?" என்று கேட்டார். அந்த இடத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை. ஜாப் ஷீட் (பொருளை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு) கொடுக்கவில்லை, அத்தைக்கு அதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது. நாம் ஒப்படைத்த பொருளில் என்னென்ன இருந்தது என்று கடைக்காரர் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். லைசென்ஸுக்கு ஜி.எஸ்.டி பில் கொடுங்கள் என்று நின்றேன். அரை மணி நேரம் கழித்து 1,200 ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

மீதிக்கு 1915இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிவு செய்திருக்கிறோம். பணத்தில் பாதியை யு.பி.ஐயில் அனுப்பியிருந்ததால் அந்தக் கடைக்குக் கொடுத்தோம் என்பதற்காவது சான்று இருக்கிறது. காவல் நிலையத்துக்கும் போகலாம் என்றேன். "ஊருக்குள்ள இருக்கணும் தம்பி, வேண்டாம்" என்றார் அத்தை. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சத்துக்குள்ளான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம் என்பதை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

லினக்ஸை நானே மறுபடி போட்டேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் நிறுவி கிடையாது, அதனால் டெபியன் 12இன் 32 பிட் பதிப்பு. பயாஸுக்குள் (கருவியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய், எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் எஃப்12 பூட் மெனுவை இயக்கிவிட்டு, பென் டிரைவிலிருந்து ஏற்றினேன். திரை அமைப்புக்கு எடை குறைந்த எல்.எக்ஸ்.கியூடி, தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருள். திரையின் உயரம் 600 பிக்சல்தான் என்பதால் சில பெட்டிகளில் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியால் பெட்டியை மேலே இழுத்தால் தெரியும். அத்தை ஐந்து நிமிடத்தில் பழகிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் போர்டு இன்றுவரை நன்றாக ஓடுகிறது. அளவுக் கோப்பைக் கடவுச்சொல் வைத்துச் சேமிக்கவும், வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். 2020லேயே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது இது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நெட்புக் இருந்து, கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முடிந்தால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேறொரு டிஸ்கோடு கொடுங்கள். டி250 போன்றவற்றில் அடிமூடியின் திருகைக் கழற்றினாலே டிஸ்கும் ரேமும் தெரியும். முடியாவிட்டால் மூடியைத் திறந்து, டிஸ்க், ரேம் இரண்டின் மேலும் உள்ள ஸ்டிக்கர்களை எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்று சொல்கிற கடையில் கொடுக்காதீர்கள். பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். தெரியாமல் விழித்தால் வேறு கடை பாருங்கள். திரும்ப வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்பு, கவுண்டரிலேயே கருவியை ஓடவிட்டு ரேம் அளவையும் டிஸ்க் அளவையும் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகாது. சென்னை, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் கேட்டால் காசு வாங்காமல் வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அத்தையை நான் அங்கே கைகாட்டி விட்டிருக்கலாம்.

அத்தை இப்போது வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்கிறார். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கவனமாக இருங்கள் என்கிறார், வரும்போது அளவு மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார். இதுவரை நூற்றுப் பத்து பேரிடம் பேசிவிட்டார். மற்றவர்களின் நம்பர் அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தது.

திண்டுக்கல் பக்கம் யாராவது பழைய 240 ஜிபி எஸ்.எஸ்.டி வாங்கி, அதில் 'அளவு' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால், தயவுசெய்து அதைத் திறக்காமல் அழித்துவிடுங்கள்.