நாய் தொலைந்தால் எது வீடு சேர்க்கும்: பெல்ட் நம்பரா, சிப்பா, டிராக்கரா?

"அதான் சிப் போட்டாச்சே, இனி பெல்ட்டில் டேக் எதுக்கு?" வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும், தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் கெடுபிடி காட்டியதிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றதும் பலர் நாயைத் தூக்கிக்கொண்டு மாநகராட்சி கால்நடை மருத்துவமனைகளுக்குப் போனார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சிப் போட்ட கையோடு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டால் பாதி வேலை வீண். இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கில் கொடுத்து, நாய் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் டிராக்கர் வாங்கி மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுபவர்கள்.

எது மேல் என்று பார்க்க எனக்கு ஒரே கேள்வி போதும். ஓடிப்போன நாயை முதலில் பிடிக்கப்போவது யார், அவர் கையில் என்ன இருக்கும்? பெரும்பாலும் அடுத்த தெரு டீக்கடைக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், காலையில் பால் போட வருகிறவர். கையில் இருப்பது ஒரு போன், அவ்வளவுதான்.

அந்தப் போனுக்கு நேராக வேலை செய்வது பெல்ட்டில் இருக்கும் நம்பர் ஒன்றுதான். படித்தார், அழைத்தார், பத்து நிமிடத்தில் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், தொலைந்த நாய்களில் 93 சதவீதம் உரிமையாளர்களிடமே திரும்பியிருந்தன. திரும்பியவற்றில் ஏறக்குறைய பாதி அக்கம்பக்கத்தில் தேடியே கிடைத்தவை. டேக் அல்லது சிப்பால் கிடைத்தவை 15 சதவீதம். அதாவது, ஓடிய நாய் பெரும்பாலும் வெகுதூரம் போவதில்லை. நாலைந்து தெருவுக்குள்தான் மிரண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் அது யாருடையது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

டேக்கிலும் வித்தியாசம் இருக்கிறது. வளையத்தில் தொங்கும் சின்ன வட்டத் தகடுதான் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அந்த மெல்லிய கம்பி வளையம் கேட்டிலும் கட்டில் காலிலும் உரசி உரசி வாய் விரிந்து, ஒரு நாள் தகடு எங்கேயோ விழுந்திருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பெல்ட்டோடு படுத்த மாதிரி ரிவெட் அடித்த நீளத் தகடு அப்படி விழாது, சத்தமும் போடாது. நேம்போர்டு, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் கேட்டால் பித்தளையிலோ ஸ்டீலிலோ பொறித்துத் தருவார்கள். நாயின் பெயரைப் பெரிதாகப் போட்டு நம்பரைப் பொடியாகப் போடாதீர்கள். இரண்டு மொபைல் நம்பர், இடம் இருந்தால் ஏரியா பெயர். தினமும் மருந்து வேண்டிய நாய் என்றால் அதையும் சேர்க்கலாம். அதற்கும் நேரமில்லையா, நைலான் பெல்ட்டின் மேலேயே அழியாத மார்க்கரால் நம்பரை எழுதுங்கள். இன்றைக்கே முடியும்.

கியூஆர் டேக்கும் இதே வகைதான். ஸ்கேன் செய்தால் நாயின் படம், உங்கள் நம்பர், தடுப்பூசி விவரம் எல்லாம் வரும். நம்பர் மாறினால் டேக்கை மாற்றாமல் இணையத்தில் மாற்றிக்கொள்ளலாம். யுபிஐ வந்த பிறகு நம் ஊரில் கியூஆரைப் பார்த்து யாரும் தயங்குவதில்லை. ஆனாலும் தனியாக அதை மட்டும் நம்பமாட்டேன். கீறல் விழுந்தால் படிக்காது, பட்டன் போன் வைத்திருப்பவருக்குப் பயன்படாது, அந்தக் கம்பெனி இணையதளத்தை மூடிவிட்டால் அது வெறும் கட்டம் போட்ட தகடு. பின்பக்கம் நம்பர் பொறித்த கியூஆர் டேக் என்றால் சரி.

பெல்ட்டின் குறை எல்லோருக்கும் தெரியும். கழன்றுவிடும், கழற்றவும் முடியும். மைக்ரோசிப்புக்கு வேலை தொடங்குவது அங்கேதான்.

சிப் என்பது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமுள்ள, அரிசி போன்ற கண்ணாடிக் குழாய். தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். பேட்டரி கிடையாது. 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் தூரத்தில் கொண்டுவந்தால் 15 இலக்க எண் ஒன்றைத் தரும். சிப்புக்குள் இருப்பது அந்த எண் மட்டும்தான். உங்கள் பெயரோ விலாசமோ அதில் இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்றும் அது சொல்லாது. ஜிபிஎஸ் என்று நினைத்து சிப் போட்டவர்களும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆக, சிப்பின் பலம் முழுவதும் அந்த எண் எந்தப் பதிவேட்டில், யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான். 2009-இல் அமெரிக்கக் காப்பகங்களில் நடத்திய ஆய்வு ஒன்றில், வந்து சேர்ந்த நாய்களில் சுமார் 22 சதவீதம்தான் வீடு திரும்பின. சிப் இருந்தவற்றில் அது 52 சதவீதம். சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ பழையதாகவோ இருந்ததுதான். இந்தியாவில் நாடு முழுக்க ஒரே பதிவேடு கிடையாது என்பதால் இங்கே சிக்கல் இன்னும் அதிகம். விற்றவர் போட்ட சிப் அவர் பெயரிலேயே கிடக்கும். டாக்டர் கொடுத்த பார்கோடு ஸ்டிக்கர் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும், வேறெங்கும் ஏறியிருக்காது. சென்னையில் சிப் எண் மாநகராட்சி உரிமத்தோடு சேர்வது பெரிய முன்னேற்றம். உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். வருடாவருடம் வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் போகும்போது "ஒரு தடவை சிப்பைப் படித்துப் பாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். சில நாய்களுக்குச் சிப் நகர்ந்து தோளுக்கோ முன்னங்காலுக்கோ இறங்கியிருக்கும்.

நாய் திருடு போய் வேறொருவர் வீட்டில் கிடைத்து, "இது என் நாய்" என்று இருவரும் சொல்லும்போது பெல்ட் ஒன்றும் செய்யாது. அந்த இடத்தில் சிப்தான் சாட்சி. பிரிட்டனில் 2016 முதல் நாய்களுக்குச் சிப் கட்டாயம். அதற்காகப் பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் உரிமையாளர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தை அவர்கள் நீக்கிவிடவில்லை. இரண்டும் வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள்.

டிராக்கரில் இரண்டு ஜாதி. ஆப்பிளின் ஏர்டேக் போன்றவை புளூடூத்தில் வேலை செய்பவை. பட்டன் பேட்டரி ஒரு வருடம் வரை வரும், மாதச் சந்தா இல்லை. ஆனால் பக்கத்தில் ஐபோன் ஏதாவது கடந்து போனால்தான் இடம் தெரியும். அண்ணா நகரில் நன்றாக வேலை செய்யும். ஐபோன் அரிதான கிராமத்தில் மணிக்கணக்கில் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு வகையிலும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் பலன். ஏர்டேக் பொருட்களுக்கானது, செல்லப்பிராணிகளுக்கானது அல்ல என்று ஆப்பிளே சொல்கிறது. கடித்து விழுங்கினால் பட்டன் பேட்டரி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தொங்கவிடாமல் பெல்ட்டுக்குள் வைத்துத் தைக்கும் உறையில் போடுங்கள்.

ஜிபிஎஸ் டிராக்கர் தானே சாட்டிலைட்டில் இடம் கண்டு, உள்ளே இருக்கும் சிம் வழியாக அனுப்பும். ஓடும் நாயை நேரலையில் தொடர முடிவது இதில் மட்டும்தான். சில நாட்களுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும், சந்தா கட்ட வேண்டும், சின்ன நாய்க்குக் கனம். மலை எஸ்டேட்டில் டவர் இல்லாத பள்ளத்தில் அதுவும் மௌனம். ஃபிளாட்டில் இருக்கும் பக் நாய்க்கு இது தேவையில்லை. தோட்டத்தில் விட்டு வளர்க்கும் சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்க்கு நான் கட்டாயம் வாங்கச் சொல்வேன். முயலைக் கண்டுவிட்டால் அவை எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தப் பேச்சில் எனக்கு அதிகக் கவலை வீட்டில் வளரும் நாட்டு நாய்களைப் பற்றித்தான். ஒரு ஹஸ்கி தெருவில் நின்றால் "யார் வீட்டு நாயோ" என்று நாலு பேர் கேட்பார்கள். செவலை நாட்டு நாய் பெல்ட் இல்லாமல் நின்றால் அதைத் தெரு நாய் என்றே முடிவு செய்வார்கள். முன்பெல்லாம் மாநகராட்சி வண்டி பிடித்துப் போனாலும் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-இல் உத்தரவிட்டது. வெடிச் சத்தத்துக்குப் பயந்து பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடிய உங்கள் நாய்க்கும், அடையாளம் இல்லாவிட்டால், இதே கதிதான். நாய் பிடிக்க வருகிறவர் தூரத்திலிருந்து பார்ப்பது கழுத்தைத்தான். அதனால் நாட்டு நாய்க்கு வீட்டுக்குள்ளும் பெல்ட் இருக்கட்டும், பளிச்சென்ற நிறத்தில். சிப்பும் உரிமமும் உங்கள் பெயரில் இருக்கட்டும். நெஞ்சில் உள்ள வெள்ளைத் திட்டு, வால் நுனி, காது எல்லாம் தெரிகிற மாதிரி நாலு படம் போனில் இருந்தால், காப்பகத்தில் ஒரே சாயலில் இருக்கும் நாய்களுக்கு நடுவே உங்களுடையதைக் காட்டிக் கேட்க முடியும்.