மலை ஏரிக்கரை விடுமுறை: தனி வீடா, விடுதி அறையா?

குடும்பத்தோடு மலை ஏரிக்கரைக்குப் போவது முடிவாகிவிட்டது. தனி வீடு எடுப்பதா, விடுதியில் அறை போடுவதா என்பதில்தான் பலருக்கும் இழுபறி.

செலவு
வீடு: வாடகையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும், ஏழெட்டுப் பேர் பகிர்ந்தால் தலைக்குக் குறைந்துவிடும். துப்புரவுக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.
விடுதி: மூன்று நான்கு பேருக்கு இதுதான் பெரும்பாலும் சிக்கனம்.

சாப்பாடு
வீடு: பிடித்ததைச் சமைக்கலாம். ஆனால் 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது. குக்கர் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.
விடுதி: அடுப்படி வேலையே இல்லை.

பாதுகாப்பு
இதில் மட்டும் நான் கறார்.
வீடு: கதவைத் திறந்தால் தண்ணீர் என்பது படத்தில் அழகு. தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்கும் வயதில் குழந்தை இருந்தால் அதுவே ஆபத்து. மலை ஏரிகள் பல கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தால் நன்றாக நீந்துபவருக்கே மூச்சு முட்டும். படகுத்துறைக்குத் தடுப்பு உண்டா, வாசல் கதவில் உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா என்று விசாரியுங்கள்.
விடுதி: கரை சற்றுத் தள்ளியிருக்கும் அறையாகக் கேட்டு வாங்கலாம். படகில் ஏறும் முன், உயிர்காப்பு அங்கி குழந்தையின் எடைக்கு ஏற்றதா என்று பாருங்கள்.

தாத்தா, பாட்டி, பேரன் பேத்தி என்று எல்லோரும் சேர்ந்து நாலைந்து நாள் தங்குவதென்றால் வீடுதான். நடக்கப் பழகும் குழந்தையோடு இரண்டு நாள் போய்வர, விடுதியே சரி.