எக்ஸ்ரே டெக் படிப்பு: கம்யூனிட்டி காலேஜா, தனியார் கல்லூரியா?

டெக்சஸில் ரேடியோகிராஃபி (எக்ஸ்ரே எடுக்கும் டெக்னீஷியன் வேலைக்கான) இரண்டு வருட அசோசியேட் டிகிரி படிக்க 2022-ல் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரி: செலவு குறைவு, இடம் கிடைக்க ஒரு வருடமாவது ஆகும். இன்னொன்று இருபது நிமிடத் தொலைவில் ஒரு தனியார் கல்லூரி: 46,000 டாலர், அடுத்த மாதமே வகுப்பு. நான் காத்திருந்து கம்யூனிட்டி காலேஜில்தான் சேர்ந்தேன். அதனால் இந்த அலசலில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

படிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே முடித்தாலும் எழுதுவது எக்ஸ்ரே டெக்குகளுக்கான அதே தேசியச் சான்றிதழ்த் தேர்வு, ஏஆர்ஆர்டி. வேலைக்கு எடுக்கும்போது அந்தச் சான்றிதழைப் பார்க்கிறார்கள், கல்லூரிப் பெயருக்காக ஒரு டாலர் கூட ஏற்றித் தருவதில்லை. சம்பளத்தைப் பொறுத்தவரை, விளம்பரத் தாளில் போடுவது நாடு முழுமைக்குமான இடைநிலைச் சம்பளம். 2023 மே கணக்கில் எக்ஸ்ரே டெக்குக்கு அது சுமார் 73,000 டாலர். இருபது வருட அனுபவக்காரரும் சேர்ந்த எண் அது. நான் தொடங்கியது மணிக்கு 28 டாலரில், அதாவது வருடம் 58,000 சொச்சம். கடன் கணக்கை இந்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும்.

எனக்குப் புத்தகம், யூனிஃபார்ம், பின்னணிச் சோதனை எல்லாம் சேர்த்து மொத்தம் 9,000 டாலர் ஆனது. கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடியிருப்பவர்களுக்கான கட்டணம் என்பதால் இந்த அளவு. தனியாரின் 46,000-க்கு வருவோம். 24 வயதான அல்லது மணமான மாணவருக்கு மத்திய அரசுக் கடன் முதல் வருடம் 9,500, இரண்டாம் வருடம் 10,500. ஆக 20,000. மீதி 26,000-க்கு வங்கியிடம்தான் போக வேண்டும். அரசுக் கடனுக்கு 2024-25 வட்டி 6.53 சதவீதம், வங்கிக்கு 11 என்று வைத்துப் பத்து வருடத் தவணை போட்டால் மாதம் 585 டாலர் வருகிறது. மொத்தம் திருப்பிக் கட்டுவது 70,000-க்கு மேல். கல்வித் துறை 2023-ல் கொண்டுவந்த விதியில் ஓர் அளவுகோல் இருந்தது: தவணை வருடச் சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் சம்பளத்துக்கு அது 4,660 டாலர். இந்தத் தவணையோ வருடம் 7,020. லாப நோக்கமற்ற மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, வருமானத்துக்கேற்ற தவணையைப் பத்து வருடம் கட்டினால் மிச்சக் கடன் தள்ளுபடியாகும் திட்டம்கூட அரசுக் கடனுக்கு மட்டும்தான். வங்கியின் 26,000 அப்படியே நிற்கும்.

(ஹெச்4-ல், அதாவது ஹெச்1பி வேலை விசாக்காரரின் துணைக்கான விசாவில், இருப்பவர்களுக்கு ஃபாஃப்ஸா என்ற அரசுக் கல்வி உதவி விண்ணப்பம் வழியாக அரசுக் கடனே கிடையாது. எனக்கு அப்போது கிரீன் கார்டு வந்திருந்தது.)

தனியாருக்கு ஆதரவான வலுவான வாதத்தை எங்கள் வீட்டுக்காரர் எக்செல்லில் போட்டுக் காட்டினார். "ஒரு வருஷம் காத்திருந்தா 58,000 போச்சே, அதை யார் கணக்கில் எழுதுறது?" நியாயமான கேள்விதான். ஆனால் வரி, காப்பீடு போக அந்த 58,000 கைக்கு வரும்போது 46,000 பக்கம்தான் நிற்கும். வட்டியோடு கட்டும் வித்தியாசம் 61,000. தவிர, காத்திருந்த வருடம் சும்மா போகவில்லை. உடற்கூறியல் இரண்டு பாகம், அல்ஜீப்ரா, ஆங்கிலம் நான்கையும் மாலை வகுப்பில் முடித்தேன். பகலில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளை சக்கர நாற்காலியில் தள்ளும் வேலை. காலை ஆறரைக்கு எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கும்போது, உள்ளே டெக் தன் பெயரின் முதலெழுத்து பொறித்த ஈய 'எல்', 'ஆர்' வில்லைகளை (படத்தில் இடது, வலதைக் காட்ட) டேப்போடு ஒட்டுவதைப் பார்ப்பேன். இடுப்பு முறிந்த பாட்டியை வலிக்காமல் திருப்பிப் படுக்க வைப்பதுதான் இந்த வேலையின் பாதி என்று அங்கேதான் தெரிந்தது. பிடிக்கவில்லை என்றால் அப்போதே விலகியிருக்கலாம், ஒரு டாலர் கடனில்லாமல்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தக் கடைசி விஷயம்தான். எக்செல் கணக்கு எல்லாமே, சேர்ந்தவர் முடிப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தனியாரில் சேர்ந்தார். மூன்றாவது செமஸ்டரில் கர்ப்பம், கூடவே வாந்தி. கதிர்வீச்சு பயத்தில் கிளினிக்கலை, அதாவது மருத்துவமனைப் பயிற்சியை, நிறுத்தினார், திரும்பப் போக முடியவில்லை. கடன் 30,000-ஐத் தாண்டிவிட்டது, சம்பளம் பழைய சூப்பர்மார்க்கெட் சம்பளம். அங்கே முடித்த பாடங்களின் கிரெடிட்டுகளை எங்கள் காலேஜ் ஏற்கவும் மறுத்தது. என் வகுப்பிலும் 24 பேரில் ஆறு பேர் நடுவில் நின்றார்கள். அவர்கள் இழந்தது இரண்டு, மூன்றாயிரம். கிளினிக்கல் வாரத்துக்கு 24 மணி நேரம், பகலில், சம்பளமில்லாமல். குழந்தை, மாமியார், கார் ரிப்பேர் எது வந்தாலும் முதலில் ஆடுவது இதுதான்.

அதனால் எங்கே விசாரித்தாலும் மூன்று எண் கேளுங்கள்: தேர்வில் பாஸ் ஆனவர்கள், வேலை கிடைத்தவர்கள், படிப்பை முடித்தவர்கள். ரேடியோகிராஃபி படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஜேஆர்சிஇஆர்டியின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் இவற்றைப் பொதுவில் வெளியிட்டே ஆக வேண்டும். முதல் இரண்டும் முடித்தவர்களை மட்டும் எண்ணுவதால் பெரும்பாலும் அழகாக இருக்கும். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது.

தனியார் யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்து, கையில் பணமும், குழந்தையைப் பார்க்க அம்மாவும் இருந்து, பக்கத்துக் காலேஜில் மூன்று வருடக் காத்திருப்பு என்றால், சரி, போகலாம். அப்படிப் போய் நன்றாக இருக்கும் ஒருவர் என் ஷிஃப்டிலேயே இருக்கிறார். நான் பார்த்தது ஒரே ஊர், ஒரே மருத்துவமனை, அதுவும் ஒரு வருடத்துக்குள்தான். சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கம் நகர்ந்தபின் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்று அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2023 ஆகஸ்டில் எனக்கு வகுப்பு தொடங்கிய வாரம்கூட அந்தத் தனியார் கல்லூரி ஆலோசகர் போன் செய்தார். இந்த வாரமே கையெழுத்துப் போட்டால் பதிவுக் கட்டணம் தள்ளுபடியாம். எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று மறுபடி கேட்டேன். மெயிலில் அனுப்புகிறேன் என்றார்.