டெக்சஸா, இல்லினாயா, கலிபோர்னியாவா: காயம்பட்ட படைவீரரின் வீட்டுக்கு வரிவிலக்கு எங்கே கைகொடுக்கிறது?

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை, படைப்பணியால் உடலோ மனமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதந்தோறும் வழங்கும் இழப்பீட்டில் ஊருக்கு ஊர் வேறுபாடு கிடையாது. நூறு விழுக்காடு பாதிப்பு என்று மதிப்பிடப்பட்ட, தன்னைச் சார்ந்து வாழ்வோர் எவரும் இல்லாத ஒருவருக்கு 2025-ஆம் ஆண்டில் மாதம் 3,831.30 டாலர் கிடைத்தது. அவர் டெக்சஸின் கில்லீன் நகரில் குடியிருந்தாலும் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் குடியிருந்தாலும் அதே தொகைதான். பணியில் இருந்த காலத்தில் அவர் பெற்ற வீட்டுப்படி அந்தந்த ஊரின் வாடகை நிலவரத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் அமைந்திருந்தது. சீருடையைக் களைந்த நாளோடு அந்த ஏற்பாடு முடிந்துபோகிறது. அதன் பிறகு ஊருக்கு ஊர் மாறுவது செலவு மட்டுமே, வரவு மாறுவதில்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது மாநிலங்கள் தரும் சொத்து வரி விலக்குதான் என்பதால், எங்கே குடியேறுவது என்று எண்ணும் படைவீரர் அவ்விலக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இழப்பீடு விலைவாசியோடு சேர்ந்து உயர்வது உண்மையே. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு அறிவிக்கப்படும் அதே விழுக்காட்டில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் அது கூடுகிறது: 2023-ஆம் ஆண்டுக்கு 8.7, 2024-க்கு 3.2, 2025-க்கு 2.5 விழுக்காடு. 2022-இல் 3,332.06 டாலராக இருந்த தொகை மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. ஆனால் இது நாடு முழுவதற்குமான விலைக் குறியீட்டைப் பின்பற்றுகிறது. வீட்டின் மதிப்பையும் வரி விகிதத்தையும் கவுன்டி என்ற உள்ளாட்சி அமைப்பும், பள்ளிகளுக்கெனத் தனியே வரி விதிக்கும் பள்ளி மாவட்டமும் தீர்மானிக்கின்றன. நாட்டின் சராசரி 2.5 விழுக்காடு உயர்ந்த ஆண்டில் ஒருவருடைய வரிச்சீட்டு 10 விழுக்காடு உயரலாம். அதைக் கணக்கில் கொள்ளும் ஏற்பாடு எதுவும் இழப்பீட்டுச் சட்டத்தில் இல்லை.

மாநிலங்களுக்குள் நுழையும் முன் விழுக்காடு பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் எல்லா விலக்குகளும் அந்த ஓர் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதிப்புகள் ஒன்றோடொன்று நேராகக் கூட்டப்படுவதில்லை. முதல் பாதிப்புக்குப் பிறகு எஞ்சியிருக்கும் உடல்திறனில்தான் அடுத்ததன் பங்கு கணக்கிடப்படுகிறது. 50 விழுக்காட்டுப் பாதிப்பும் 30 விழுக்காட்டுப் பாதிப்பும் உள்ளவருக்குக் கிடைப்பது 80 அன்று, 65. அது 70 ஆக முழுமையாக்கப்படும். முழுமையாக்கும் முன்பே சரியாக 90-இல் இருப்பவர் 100-ஐ எட்ட வேண்டுமானால், அவருக்குப் புதிதாக 50 விழுக்காட்டுப் பாதிப்பு ஒன்று ஏற்கப்பட வேண்டும். கடைசிப் படி இவ்வளவு செங்குத்தாக இருக்க, பணமும் அந்தப் படியிலேயே குவிந்துகிடக்கிறது: 2025-இல் 90 விழுக்காட்டுக்கு 2,297.96 டாலர், 100-க்கு 3,831.30 டாலர், ஒரே படியில் 1,533.34 டாலர் வேறுபாடு. மாநிலங்களின் வரிவிலக்குச் சட்டங்கள் இந்த ஏற்றத்தாழ்வைத் தணிப்பதற்குப் பதிலாக, பெரும்பாலும் அதே இடத்தில் இன்னொரு பள்ளத்தைத் தோண்டியிருக்கின்றன என்பதே எனக்குள்ள முதன்மையான மனக்குறை.

டெக்சஸிலிருந்து தொடங்கலாம். 2009 முதல், நூறு விழுக்காடு மதிப்பீடு பெற்றவரும், எண் அதற்குக் குறைவாக இருந்தாலும் வேலை செய்ய இயலாதவர் என்று நலத்துறையால் ஏற்கப்பட்டு நூறு விழுக்காட்டுத் தொகை பெறுபவரும், தாம் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியே கட்ட வேண்டியதில்லை. வீட்டின் விலைக்கு உச்சவரம்பு இல்லை. அவர் மறைந்த பின், மறுமணம் செய்யாத வாழ்க்கைத் துணைக்கும் விலக்கு தொடர்கிறது. நூறுக்குக் கீழே இறங்கியவுடன் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது: 70 முதல் 90 வரை உள்ளவருக்கு வீட்டின் வரி மதிப்பில் 12,000 டாலர் கழிவு, 50-க்கும் 60-க்கும் 10,000, 30-க்கும் 40-க்கும் 7,500, அதற்கும் கீழே 5,000.

12,000 டாலர் கழிவு என்றால் கையில் மிஞ்சுவது என்ன என்று பார்ப்போம். வீட்டின் மதிப்பு 300,000 டாலர் என்றும், எல்லா உள்ளாட்சி அமைப்புகளுக்குமான வரி சேர்ந்து நூறு டாலருக்கு 2 டாலர் என்றும், அதில் சரிபாதி பள்ளி மாவட்டத்துக்கு என்றும் வைத்துக்கொள்வோம். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின் சொந்தக் குடியிருப்பு வீடு எல்லாவற்றுக்கும் பள்ளி வரியில் 140,000 டாலர் கழிவு உண்டு என்பதால், படைவீரர் அல்லாத அண்டை வீட்டாருக்கு வரி 4,600 டாலர் வரும். 70 விழுக்காட்டுப் படைவீரருக்கு 4,360. முழங்காலும் முதுகும் செவிப்புலனும் தேய்ந்துபோன ஒருவருக்கு மாநிலம் தரும் சலுகை ஆண்டுக்கு 240 டாலர், அதாவது மாதம் 20 டாலர். நூறு விழுக்காட்டுக்காரர் அதே தெருவில் அதே அளவு வீட்டுக்குச் சுழியம் கட்டுகிறார்.

இல்லினாய் மாநிலம் இந்தப் பள்ளத்தை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. அங்கே 70 விழுக்காடே முழு விலக்குக்குப் போதுமானது. சமன்செய்யப்பட்ட வரி மதிப்பில் 250,000 டாலர் வரை அது செல்லும். அம்மதிப்பு சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், நடைமுறையில் சுமார் 750,000 டாலர் வீடு வரை எட்டுகிறது. 50 மற்றும் 60 விழுக்காட்டுக்காரர்களுக்கு அம்மதிப்பில் 5,000 டாலரும், 30 மற்றும் 40 விழுக்காட்டுக்காரர்களுக்கு 2,500 டாலரும் கழிவு. நாட்டிலேயே சொத்து வரி மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று இது என்பதை நினைவில் கொண்டால் விலக்கின் எடை புரியும்: சந்தை விலையில் 2 விழுக்காடு வரி என்று கொண்டால், 300,000 டாலர் வீட்டுக்கு 6,000 டாலர் வரி அப்படியே நீங்குகிறது. 2025-இல் மாதம் 1,759.19 டாலர் பெற்ற 70 விழுக்காட்டுப் படைவீரருக்கு இது மாதம் 500 டாலர் கூடுதலாகக் கிடைத்ததற்கு ஒப்பாகும்.

இங்கே வருமான வரியைப் பற்றி எழும் கேள்வி நியாயமானது. இழப்பீட்டுக்கு எங்குமே வரி இல்லை. ஆனால் 70 விழுக்காட்டுக்காரர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர், அவருடைய சம்பளத்துக்கு இல்லினாய் 4.95 விழுக்காடு வரி வாங்குகிறது, டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர் என்றால் இல்லினாயில் வருமான வரி 2,800 டாலரை ஒட்டி வரும், சொத்து வரி சுழியம். டெக்சஸில் வருமான வரி சுழியம், சொத்து வரி 4,360. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 டாலர் இல்லினாயின் பக்கம் மிஞ்சுகிறது. சம்பளம் 90,000 டாலரைத் தாண்டினால் தராசு டெக்சஸின் பக்கம் சாயத் தொடங்கும். வருமான வரி இல்லாத மாநிலம் என்ற ஒரே காரணத்துக்காக டெக்சஸுக்குக் குடிபெயரும் இடைப்பட்ட விழுக்காட்டுக்காரர்கள், மூட்டை கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நூறு விழுக்காட்டுக்காரருக்கோ இந்த ஒப்பீட்டின் தன்மையே வேறு. இல்லினாயில் 6,000 டாலர் மிச்சம், டெக்சஸில் 4,600 மிச்சம் என்று எண்ணி இல்லினாயே மேல் என்று முடிவு செய்வது பிழை. இரண்டு இடத்திலும் அவர் கட்டுவது சுழியம்தான். வரி அதிகமுள்ள இடத்தில் விலக்கின் மதிப்பு பெரிதாகத் தெரிவது, அங்கே சுமை பெரிதாக இருந்ததால் மட்டுமே. எனவே அவர் ஒப்பிட வேண்டியது விலக்கு தொடாத செலவுகளை.

அந்தக் கோணத்தில் புளோரிடா எச்சரிக்கையோடு அணுக வேண்டிய மாநிலம். நிரந்தர, முழுப் பாதிப்பு உள்ளவரின் குடியிருப்பு வீட்டுக்கு அங்கே முழு விலக்கு. வருமான வரியும் இல்லை. 10 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வரி மதிப்பில் 5,000 டாலர் கழிவு. 65 வயதைக் கடந்தவருக்குப் போரோடு தொடர்புடைய பாதிப்பு இருந்தால், அவருடைய பாதிப்பு விழுக்காடு எவ்வளவோ அவ்வளவு விழுக்காடு வரித் தள்ளுபடி. இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுவேன்: 40-க்கு 40, 80-க்கு 80 என்று படிப்படியாகச் செல்லும் இத்தகைய நேர்மையான அளவுகோல் மற்ற மாநிலச் சட்டங்களில் எளிதில் காணக்கிடைப்பதில்லை. ஆயினும், தீயணைப்பு, குப்பை அகற்றல் போன்றவற்றுக்காக வீட்டு மதிப்பைச் சாராமல் விதிக்கப்படும் கட்டணங்கள் வரிச்சீட்டில் நின்றுவிடுகின்றன. அதைவிடப் பெரியது வீட்டுக் காப்பீடு. 2022 செப்டம்பரில் இயன் புயல் அடித்த அதே ஆண்டில் காப்பீட்டு நிறுவனங்கள் சில நொடித்துப்போயின. பிரீமியம் நாட்டிலேயே மிக உயர்ந்த வரிசையில் நிற்கிறது. வெள்ளக் காப்பீடு அதற்கு மேல் தனி. வீட்டுக்கடன் உள்ளவர் காப்பீட்டைக் கைவிடவும் முடியாது. கடற்கரையோரம் குடியேறும் ஒருவருக்கு, வரியில் மிஞ்சிய தொகை முழுவதும் பிரீமியத்தில் கரைந்துபோக வாய்ப்புண்டு.

வர்ஜீனியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010 நவம்பரில் வாக்காளர் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 2011 முதல், நிரந்தர முழுப் பாதிப்பு உள்ளவருக்கு வீடும் அது நிற்கும் ஓர் ஏக்கர் வரையிலான நிலமும் வரியற்றவை. 2020-இல் ஏற்கப்பட்ட திருத்தத்தால் அவருடைய வாகனம் ஒன்றும் வரிவிலக்குப் பெறுகிறது. 2018 திருத்தம், விதவையோ மனைவியை இழந்தவரோ வேறு வீட்டுக்கு மாறினாலும் விலக்கைத் தக்கவைத்துக்கொள்ள வழிசெய்தது. 90 விழுக்காட்டுக்காரருக்கு இந்த விலக்கில் இடமே இல்லை.

கலிபோர்னியாவின் அணுகுமுறை இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. முழுப் பாதிப்பு உள்ளவருக்கும், இரு கண் பார்வையோ இரு கை கால்களின் பயனோ இழந்தவருக்கும் முழு விலக்கு கிடையாது. 2025-இல் வரி மதிப்பில் 175,298 டாலரும், குடும்ப வருமானம் 78,718 டாலருக்கு மிகாதவருக்கு 262,950 டாலரும் கழிக்கப்பட்டன. மாநிலத்தில் தனிவீட்டின் இடைநிலை விலை 800,000 டாலருக்கு மேல். புதிதாக அந்த விலையில் வாங்கியவருக்கு, அடிப்படை விகிதமான 1 விழுக்காட்டிலேயே 6,247 டாலர் வரி எஞ்சுகிறது. விலக்கால் நீங்கியது 1,753 டாலர். எனினும் இதே சட்டம் பழைய குடியிருப்பாளருக்குப் பொன்னானது. 1978-இல் வாக்காளர் ஏற்ற ‘பிராபசிஷன் 13’ என்ற திருத்தம் வரி மதிப்பை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர விடுவதில்லை என்பதால், 1980-களில் வாங்கிய எளிய வீட்டின் வரி மதிப்பு இன்றும் கழிவுத் தொகைக்குள் அடங்கிவிடக்கூடும். அவர் மதிப்பு சார்ந்த வரி ஏதும் கட்டமாட்டார். வியட்நாம் போர்க்காலத்தவர் அங்கேயே தங்குவதும், ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்தவர் வெளியேறுவதும் இரண்டுமே அறிவார்ந்த முடிவுகளாக இருக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்றும் உண்டு. 2008 முதல் 2016 வரை, குடியுரிமை இல்லாதவர்களை மொழித்திறன் கருதிப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அவ்வழியில் சேர்ந்தவர்களுக்கும் இதே விழுக்காடுகளும் இதே சட்டங்களும்தான் பொருந்தும்.

விலக்கின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. டெக்சஸின் ஃபோர்ட் ஹூட் படைத்தளத்தை ஒட்டிய கில்லீன், கொப்பரஸ் கோவ் போன்ற நகரங்களில் முழு விலக்கு பெற்ற வீடுகள் பெருகியதால் நகராட்சி வருவாயில் துண்டு விழுகிறது. மாநில அரசு ஈட்டுத்தொகை வழங்கினாலும் அது இழப்பை முழுமையாக நிரப்பவில்லை என்று அந்த நகரங்கள் முறையிடுகின்றன. நாட்டுக்காகப் போனவருக்கு நாடு பட்ட கடனைத் தளத்தை ஒட்டிய ஒரு சில ஊர்களின் தலையில் சுமத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அது கூட்டரசின் கணக்கில் வரவேண்டிய செலவு.

இவை அத்தனையும் சொந்த வீடு உள்ளவருக்கு மட்டுமே. இழப்பீடு பெறுபவர் முன்பணம் இல்லாமலும், நலத்துறை உத்தரவாதம் தரும் வீட்டுக்கடனுக்கான கட்டணம் இல்லாமலும் வீடு வாங்கலாம் என்றாலும், எல்லோராலும் அது முடிவதில்லை. சான் டியேகோவில் இரண்டு படுக்கையறை வீட்டை மாதம் 2,500 டாலருக்குக் கீழான வாடகைக்குத் தேடி அலைந்த நூறு விழுக்காட்டுக்காரர் 2025-இல் வாங்கிய இழப்பீடும் அதே 3,831.30 டாலர்தான். வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரி, குடியிருக்கும் படைவீரர் தரும் வாடகைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நான் மேலே ஒப்பிட்ட விலக்குகளில் ஒன்றுகூட அதைத் தொடுவதில்லை.