மாதம் ஒருமுறை ஓட்டும் பைக்: நான்கு வருடத் திணறலும் தீர்ந்த விதமும்

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த 150 சிசி பைக். அன்றாடம் போய்வர வேறு வண்டி இருப்பதால், இது மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வெளியே வந்தால் அதிகம். சில மாதங்களில் அதுவும் கிடையாது. இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு நான்கு வருடங்களை ஓட்டியதில் கற்றதை எழுதுகிறேன்.

தொல்லை முதல் வருடமே ஆரம்பித்துவிட்டது. சோக் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பு) போட்டால் ஸ்டார்ட் ஆகும், எடுத்தால் நின்றுவிடும். ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் உறுமும், சிக்னலில் கையை விட்டால் அணைந்துவிடும். ஆனால் வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமான துப்பு. அது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

முதலில் இன்ஜினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றினேன். பழைய பிளக் கரி பிடித்துக் கறுப்பாக இருந்ததால், இதுதான் காரணம் என்று நிம்மதி வேறு. இரண்டு நாளில் புதுசும் கறுத்துவிட்டது. எப்போதும் சோக்கிலேயே ஓட்டினால் கறுக்காமல் என்ன செய்யும்? நான் நோயின் அடையாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை (ஐடிலிங்) வைக்கும் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றினேன். வண்டி அணையவில்லை, சரி. ஆனால் இன்ஜின் சூடேறியதும் நின்ற இடத்திலேயே கத்த ஆரம்பித்தது.

மூன்றாவதாக, பெட்ரோலில் கலக்கும் கிளீனர் ஒரு பாட்டில். லேசான அழுக்குக்கு இது உதவலாம். எனக்கு உதவவில்லை, காரணமும் எளிமையானது: துளை முழுவதும் அடைத்துக்கொண்டால் அதன் வழியாகப் பெட்ரோலே போகாது, பெட்ரோலில் கலந்த கிளீனர் மட்டும் எப்படிப் போகும்?

கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றினேன். அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கப்பைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாடை. அடியில் பழுப்பாக ஒரு பிசின். ஆக்சிலேட்டரிலிருந்து கையை விட்டதும் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கான பெட்ரோல், ஸ்லோ ஜெட் என்ற துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டின் வழியாகத்தான் போகிறது. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வேகத்தில் வேலை செய்யும் மெயின் ஜெட்டின் துளை அதைவிடப் பெரியது, அதனால் அது பிழைத்துக்கொள்கிறது. வேகத்தில் குறையில்லாமல் ஓடிய ரகசியம் இதுதான். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஒளி தெரியவே இல்லை.

கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்து, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். ஜெட் பித்தளை, துளை அகன்றுவிட்டால் வேறு ஜெட்தான் வாங்க வேண்டும். ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டுத்தான் ஸ்ப்ரே அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊறிப் பெருத்துவிடும். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து முகத்தில் பீய்ச்சும். எனக்குப் பீய்ச்சியது. ஐடிலிங்கில் காற்று–பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் உள்ளே முட்டும்வரை மெதுவாகத் திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மாட்டிய பிறகு ட்யூனிங்குக்கு அலைந்திருப்பேன்.

வண்டி பட்டுப்போல ஓடியது. மூன்று மாதம்தான். மறுபடியும் அதே திணறல்.

அப்போதுதான் என் பழக்கத்தின் மேல் சந்தேகம் வந்தது. வாராவாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விட்டால் வண்டி நன்றாக இருக்கும் என்று நம்பிச் செய்துவந்தேன். உண்மையில் அது கெடுதல். கப்புக்குக் காற்றுத் துவாரம் உண்டு, அதிலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் புதுப் பெட்ரோலை நிரப்பி, இன்னொரு பூச்சு பூசிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்குகிறது. செல்ஃப் ஸ்டார்ட் எடுத்த பேட்டரி சார்ஜும் திரும்பி வருவதில்லை.

இப்போது வழக்கம் வேறு. ஓட்டினால் குறைந்தது அரை மணி நேரம். வந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். அப்படியும் கப்பின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இன்ஜின் ஆறியதும், கப்பிலுள்ளதை வடிக்க அதன் அடியிலிருக்கும் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி அதைச் சின்னப் பாட்டிலில் பிடித்துவிடுவேன். முதல் முறை பிடித்தபோது பாட்டிலடியில் நீர் முத்துகள் உருண்டன. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். சில வண்டிகளில் டேப்பை மூடும் வசதியே இருக்காது, அவற்றுக்கு இந்த ஸ்க்ரூதான் வழி.

பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்கக் கலக்கும் ஸ்டெபிலைசரை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். புதுப் பெட்ரோலில் கலந்து, கார்புரேட்டர்வரை போய்ச் சேரும்படி பத்து நிமிடம் ஓட்டினால் பலன் உண்டு. கெட்ட பெட்ரோலை அது மீட்காது. இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் கலக்கிறேன், டேங்கையும் நிரப்பி வைக்கிறேன்; இரும்பு டேங்க், பாதி காலியாக இருந்தால் உள்ளே துரு பிடிக்கும். மற்றபடி என் கணக்கில் அந்தப் பாட்டிலைவிட அடி ஸ்க்ரூவே மேல்.

மூன்றாம் வருடம் ஐடிலிங் தானாக ஏறி இறங்கியது. மறுபடியும் ஜெட்தான் என்று கழற்றியது வீண்வேலை. கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு, அதன் வழியே காற்று புகுந்திருக்கிறது. ரப்பரை மாற்றியதும் சரியானது. பேட்டரியை மீட்டரில் பார்த்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜரில் போடுகிறேன்.

போன தடவை ஏழு வாரம் நின்றது. டேப்பைத் திறந்து, கப் நிரம்ப ஒரு நிமிடம் காத்திருந்து, சோக் போட்டதும் மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சோக்கை எடுத்தேன், நிற்கவில்லை. இப்போதைய ஒரே கவலை, திறந்து திறந்து அந்த அடி ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது. அடுத்த முறை கழற்றுவதற்குள் புதிது ஒன்று வாங்கி வைக்க வேண்டும்.