திங்கட்கிழமை நூலகம்

எனக்கு வார விடுப்பு திங்களும் செவ்வாயும். மற்றவர்கள் ஓய்ந்திருக்கும் சனி, ஞாயிறில்தான் நான் வேலை செய்யும் துணைப்பாட (டியூஷன்) நிலையத்தில் கூட்டம். காலை எட்டரைக்கு நுழைந்தால் மாலை ஆறரை ஆகும். புதன் முதல் வெள்ளி வரை மதியம் ஒன்றரைக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வெளியே வருவேன். திருச்சியிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க சிங்கப்பூர் வந்து இது மூன்றாவது ஆண்டு. கணவரும் ஏழு வயது மகளும் உறையூரில், மாமியாரோடு. இப்படி வந்திருப்பவர்களுக்கு இந்த ஊரில் எது கை கொடுக்கும் என்று கேட்டால், விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்தைத்தான் சொல்வேன். பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடும் தூரம்.

முதல் ஆண்டு எனக்கு இந்த இடம் தெரியாது. விடுப்பு நாள் இரண்டும் கட்டுரை திருத்துவதிலேயே போனது. தொடக்கநிலை ஆறு மாணவர்களின் கட்டுரை என்றால் சும்மா சரி போட்டுத் தள்ள முடியாது. 2025லிருந்து தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத்தில் தொடர் கட்டுரைக்கு மட்டும் 36 மதிப்பெண். பிள்ளைகள் மனப்பாடம் செய்த அலங்கார வாக்கியங்களைப் பொருந்தாத இடத்தில் சொருகியிருப்பார்கள். இறந்தகாலத்தில் தொடங்கிய கதை பாதியில் நிகழ்காலத்துக்குத் தாவியிருக்கும். ஏன் தவறு என்று ஓரத்தில் எழுத வேண்டும், ஒரு தாளுக்குப் பத்து நிமிடமாவது ஆகும். என்னிடம் நாற்பது தாள் இருக்கும்.

திருத்த இடமும் இல்லை. ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்றில் ஓர் அறையை நாகர்கோவில்காரத் தாதி ஒருவருடன் பகிர்ந்துகொள்கிறேன். இரவுப்பணி முடித்து வந்து பகலில் தூங்குவார். பாவம், விளக்குப் போட மனம் வராது. கோப்பிக்கடைக்குப் போய் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் மேசையைப் பிடித்து உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு நிற்கிறவர்களைப் பார்த்ததும் எழுந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கைப்பேசியில் மகளின் ஆங்கில வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் படித்தாள், திருத்தினேன். மறுபடியும் தப்பு, மறுபடியும் திருத்தினேன். "நீங்க டீச்சர் மாதிரி பேசுறீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று காலை முதல் பதினெட்டுப் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசியிருந்தேன். என் பிள்ளைக்கென்று மிஞ்சியது சிவப்புப் பேனா மட்டும்தான் என்று அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

இனி நூலகம். ஒரே கட்டடத்தில் இரண்டு நூலகங்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புவதுண்டு. அடித்தளத்தில் இருப்பது மத்திய பொது நூலகம், புத்தகம் இரவல் தரும் இடம். புதுப்பித்து 2024 ஜனவரியில் திறந்தார்கள். சிறுவர் பகுதியைக் கடலும் உயிரினங்களுமாக அமைத்திருக்கிறார்கள். மேலே ஏழாம் மாடியிலிருந்து பதின்மூன்றாம் மாடி வரை லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். அங்கே புத்தகத்தை உட்கார்ந்து படிக்கலாம், எடுத்துப்போக முடியாது. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்.

எனக்கு மேலேயும் கீழேயும் இரண்டும் வேண்டும், ஒரே நாளில். திங்கள் காலை பத்துக்கு மேல்மாடி. சன்னலோர மேசை, ஓரமாக மின்செருகி, பக்கத்தில் யாரோ முதியவர் பழைய செய்தித்தாளில் ஆழ்ந்திருப்பார். பேச்சுச் சத்தமே கிடையாது. கோப்பிக்கடையில் ஒரு நாள் முழுக்க இழுத்த தாள்கட்டு இங்கே மூன்றரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் முடிகிறது. மீதியைச் செவ்வாய்க் காலை முடிப்பேன். ஒன்றரை மணிக்குத் தாள்களைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு மின்தூக்கியில் கீழே இறங்குவேன். அதற்குப் பிறகு அன்றைக்குப் பையைத் திறப்பதில்லை. அடித்தளத்தில் நான் ஆசிரியர் இல்லை. தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கும் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து, மகளுக்குப் பிடிக்குமா என்று ஒவ்வொன்றாகப் புரட்டுகிற அம்மா.

ஒரு முறைக்கு 16 புத்தகம், 21 நாள் தவணை. இயந்திரத்தில் நாமே பதிந்துகொள்ளலாம். எந்தக் கிளையில் வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம் என்பது என்னைப் போல் நேரங்கெட்ட நேரத்தில் வேலை முடிக்கிறவர்களுக்குப் பெரிய உதவி. இரவல் வாங்க வெளிநாட்டினர் பதிவுக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் கட்ட வேண்டும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். கட்டணத்தைப் பார்த்து முதலில் தயங்கினேன். ஊரில் இத்தனை சிறுவர் புத்தகம் வாங்குவதென்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக் கட்டிவிட்டேன். கைப்பேசிச் செயலியில் தமிழ் மின்னூல்களும் உண்டு. என் மகளுக்கு அம்மா தாளைப் புரட்டுவது தெரிய வேண்டும், அதனால் நான் அச்சுப் புத்தகம்தான் எடுக்கிறேன்.

இந்த ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1953இல் தொழிலதிபர் லீ கொங் சியான் பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி (டாலர்) கொடுக்க முன்வந்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆங்கிலத்தோடு நிற்காமல் இங்குள்ள மக்களின் மொழிகளிலும் நூல்கள் இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதுவரை இருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் இன்று இல்லை, சுரங்கச்சாலைக்காக இடித்துவிட்டார்கள். இப்போதைய கட்டடம் 2005இல் வந்தது. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். என் பிள்ளைக்குத் தமிழ்க் கதை கிடைப்பது அன்று ஒரு சீனப் பெரியவர் விடாப்பிடியாக நின்றதால். அலமாரி முன்னால் உட்காரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

எடுத்த புத்தகம் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். சிங்கப்பூர் நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி முன்னால். வகுப்பு முடித்து, ரயில் பிடித்து, ஒன்பதே முக்காலுக்கு என் புளோக் வந்து சேர்ந்தால் உறையூரில் ஏழேகால். மகள் குளித்துச் சாப்பிட உட்காரும் நேரம். அறையில் தோழி இருப்பதால் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் உட்கார்ந்து வாசிப்பேன். படத்தைக் கேமராவுக்குக் காட்டும்போது என் திரையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறித் தெரிந்தது. அவளுக்கும் அப்படித்தானோ என்று முதல் நாள் பதறினேன். "நேராத்தான் தெரியுதும்மா, நீங்க படிங்க" என்றாள். இப்போதெல்லாம் வீட்டுப்பாடத்தை அப்பா பார்த்துக்கொள்கிறார். எனக்கு அந்த இருபது நிமிடம் கதை மட்டும்.

அந்த இருபது நிமிடத்தைக் காப்பாற்றத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது. பெற்றோரின் வாட்ஸ்அப் இரவு பத்துக்கும் வரும், வாய்மொழித் தேர்வு வரும் ஆகஸ்ட்டில் இன்னும் கூடும். வாய்மொழிக்கு இப்போது 40 மதிப்பெண் என்பதால் அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. காலையில் பதில் சொல்வேன் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. வேலை அனுமதியில் இருக்கிறவர்கள் அதில் குறித்துள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். பணம் கூட வந்தால் நல்லதுதான். குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும், எனக்கு இன்னும் அவ்வளவு இல்லை. ஆனாலும் சட்டம் அப்படி இருப்பதால்தான் என் திங்கட்கிழமை எனக்கு மிஞ்சியிருக்கிறது என்றும் தோன்றுகிறது.

இந்த நூலகம் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பொது விடுமுறையில் மூடியிருக்கும். அன்று மட்டுமே ஓய்வு கிடைப்பவர்களுக்குப் பயனில்லை. செப்டம்பர், அக்டோபரில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள், பத்துமணிக்கே போனால்தான் சன்னலோரம். தமிழ்மொழி விழா ஏப்ரலில் வரும். நூலகங்களிலும் வெளியிலும் நல்ல நிகழ்ச்சிகள் இருக்கும். எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் வாரயிறுதியிலேயே அமைகின்றன, அப்போது நான் வகுப்பில் இருப்பேன். அது எனக்கு வருத்தம்தான். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு நிலையம் தள்ளி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய்விடலாம்.

சட்டப்படி மூன்றாம் ஆண்டில் எனக்கு 9 நாள் விடுப்பு. போன டிசம்பரில் எட்டு நாள் ஊருக்குப் போனேன். திருச்சிக்கு நேர் விமானம், நான்கு மணி நேரம். தவணை 21 நாள் இருக்கிறதே என்று ஆறு புத்தகங்களைக் கைப்பையில் எடுத்துப்போனேன், எல்லாமே கைப்பேசியில் வாசித்து முடித்தவை. மகள் கதையைத் திறக்கவே இல்லை. முதலில் பின்னட்டையைத் திருப்பி, பட்டைக்குறியீட்டு ஒட்டியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இதத்தான் மெஷின்ல வைப்பீங்களா?"

ஆமாம் என்றேன். பிறகு யானைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு நான் படிக்கிறேன், நீங்க படத்தப் பாருங்க" என்றாள். இரண்டு இடத்தில் தப்பாகப் படித்தாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.